பற்றரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக்கில் விகாரம் அளப்பது எப்படி? தண்ணீர்த் தாங்கிச் சட்டத்தில் செய்து பார்த்த முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கிணறும் மோட்டரும் உள்ள வளவு என்றால், பின்பக்கத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி நிற்கும். ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன் பாரம். சோளகக் காற்று தொடங்கினால் கடல் உப்பு ஊர் முழுக்கப் பறக்கும். அந்த உப்பு இரும்பை உள்ளே தின்னும், மேலே பெயின்ற் பளபளவென்று இருக்கும். எங்கள் வீட்டுத் தாங்கியின் கீழ்தான் பிள்ளைகள் குளிப்பார்கள். சட்டம் உள்ளுக்குள் மெலிந்துகொண்டு போகிறதா என்பதை எப்படி அறிவது என்ற கவலையில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

யோசனை எளியது. அதே அளவு தண்ணீர் நிரம்பினால், அதே சட்டம் அதே அளவுதான் வளைய வேண்டும். பௌதிகத்தில் விகாரம் என்று படித்தோமே, நீள மாற்றத்தை முதல் நீளத்தால் வகுப்பது, அதுதான் அளக்க வேண்டியது. நிரம்பிய தாங்கிக்கு இந்த வருடம் 100 மைக்ரோ விகாரம், இரண்டு வருடம் கழித்து 130 என்றால், அந்த இடத்தில் இரும்பு மெலிந்திருக்கிறது. ஒரு மைக்ரோ விகாரம் என்பது ஒரு மீற்றரில் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி.

அளந்ததைச் சொல்ல நான் எடுத்தது ஆர்.எஃப்.ஐ.டி. டேக், வானொலி அலையால் வாசிக்கக்கூடிய சிறு மின்சுற்று. அதை வாசிக்கும் கருவிக்கு ரீடர் என்று பெயர். பற்றரி ஏன் வேண்டாம்? வெயிலில் வெந்து, உப்பில் ஊறி, வருடத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறி மாற்ற வேண்டிய பற்றரியை யாரும் இரண்டாவது தடவை மாற்ற மாட்டார்கள். டேக்குக்கு வேண்டிய சக்தியை ரீடரின் வானொலி அலையிலிருந்தே எடுத்தால், பத்து வருடம் கழித்தும் கீழே நின்று வாசிக்கலாம்.

இது புதிய எண்ணமும் அல்ல. 1945 இல் மொஸ்கோவில் அமெரிக்கத் தூதுவருக்கு மரத்தில் செதுக்கிய சின்னம் ஒன்று பரிசாகக் கொடுக்கப்பட்டது. அதற்குள் லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பற்றரி இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால், பேச்சொலிக்கு அசையும் மெல்லிய சவ்வு திரும்பும் அலையை மாற்றும். 1952 இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய டேக்குகளின் மூதாதையே ஒரு பொருளின் சிறு அசைவை அளந்த கருவிதான்.

முதல் வேலை: எங்கே அளப்பது?

சிப் வாங்குவதற்கு முன் கடதாசியும் பேனையும் எடுங்கள். நான் முதலில் தாங்கியின் காலில் ஒட்டத்தான் நினைத்தேன், கைக்கு எட்டும் இடம் அது. கணக்குப் பார்த்தபோது மனம் மாறியது. 50க்கு 50, 5 மில்லிமீற்றர் தடிப்பான ஆங்கிள் இரும்பின் குறுக்குவெட்டு சுமார் 480 சதுர மில்லிமீற்றர். நான்கு கால்கள், ஒன்றுக்கு 250 கிலோ. தகைப்பு, அதாவது பரப்பால் வகுத்த விசை, 5 மெகாபஸ்கல் அளவில்தான் வரும். இரும்பின் யங்கின் மட்டு, அதாவது தகைப்பை விகாரத்தால் வகுத்தால் வரும் எண், 200 கிகாபஸ்கல் என்பதால் விகாரம் வெறும் 25 மைக்ரோ. காலை வெயில் ஒரு பக்கம் பட்டாலே அதைவிடப் பெரிய குழப்பம் வரும்.

தாங்கி அமர்ந்திருக்கும் குறுக்குச் சட்டம் வேறு கதை. அது வளைகிறது. 100 மில்லிமீற்றர் ஆழமான சி வடிவச் சட்டம் இரண்டு, இடைவெளி 1.2 மீற்றர், ஒவ்வொன்றிலும் 500 கிலோ பரவி நிற்கிறது என்று வைத்தால், நடுவில் சுமார் 100 மைக்ரோ விகாரம் வரும். காலில் கிடைப்பதைப் போல் நான்கு மடங்கு. மேற்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு விகாரமானி (நீண்டாலும் சுருங்கினாலும் மின்தடை மாறும் மெல்லிய பட்டை) ஒட்டினால் குறி இரட்டிக்கும். வெப்பத்தால் இரண்டும் ஒரே அளவு மாறினால் அந்த மாற்றம் தானாகக் கழிந்துவிடும்.

அடுத்தது: எந்த வகை டேக்?

வழிகள் பல. அன்ரெனாவையே உணரியாக்குவது ஒன்று. சட்டம் நீண்டால் அதோடு ஒட்டிய பட்டை அன்ரெனாவும் நீளும், அதன் ஒத்திசைவு மீடிறன் அதே விகிதத்தில் குறையும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் 922 மெகாஹெர்ட்ஸில் 100 மைக்ரோ விகாரத்துக்கு மாற்றம் 0.09 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. இலங்கையில் இந்த வகை டேக்குகளுக்கு ஒதுக்கியுள்ள பட்டை 920 முதல் 924 வரை, மொத்தமே 4 மெகாஹெர்ட்ஸ். மழைத்துளி விழுந்தாலும் மீடிறன் நகரும். ஆய்வுகூடத்தில் செய்யலாம், என் தாங்கிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் பரிந்துரைப்பது சாதாரண உலோகத்தாள் விகாரமானி, ஒரு அம்பிளிபயர், ஒரு சிறு மைக்ரோகொன்ரோலர், அதோடு ஒரு டேக் சிப். இதன் முன்னோடியான, மெல்லிய கம்பியை ஒட்டும் விகாரமானியை 1938 இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இன்றுவரை இதைவிட நம்பகமான மலிவு வழி கிடைக்கவில்லை.

டேக் சிப்பில் இரண்டு தெரிவு. 13.56 மெகாஹெர்ட்ஸ் என்.எஃப்.சி. என்றால் கையில் இருக்கும் போனே ரீடர். எஸ்.ரி.25.டி.வி. போன்ற சிப்புகள் போனின் புலத்திலிருந்து மின்சாரம் எடுத்து வெளியேயும் கொடுக்கும், மைக்ரோகொன்ரோலரோடு ஐ2சி இணைப்பில் பேசும். ஆனால் போனை ஒட்டித்தான் பிடிக்க வேண்டும். யு.எச்.எஃப்., அதாவது முன்னர் சொன்ன 920 மெகாஹெர்ட்ஸ் பட்டை, என்றால் சில மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கலாம், ரீடர்தான் விலை. இதில் ஈ.எம்.4325 போன்ற, வெளிச் சுற்றோடு எஸ்.பி.ஐ. மூலம் பேசும் சிப் வேண்டும்.

என் அபிப்பிராயம்: முதல் டேக்கை என்.எஃப்.சி.யில் செய்யுங்கள். விகாரமானி, அம்பிளிபயர், அளவுதிருத்தம் எல்லாம் மேசையில் சரிவந்த பிறகு யு.எச்.எஃப். பக்கம் போங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் போகும். யு.எச்.எஃப். ரீடரை வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதானால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் விசாரியுங்கள். ஐரோப்பாவுக்கான 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் ரீடர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

சக்திக் கணக்கு

பலர் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரீடர் அன்ரெனாவின் திசையில் 4 வாற்றுக்குச் சமமான அலை வருகிறது என்று எடுப்போம். 3 மீற்றர் தூரத்தில், சாதாரண டேக் அன்ரெனாவுக்கு, ரீடரின் அலை சுழன்று வருவதால் (வட்ட முனைவாக்கம்) பாதி இழந்தபின், கிடைப்பது சுமார் 0.23 மில்லிவாற்று. அதை நேர்மின்னாக்கும்போது கால்வாசிதான் மிஞ்சும். 2 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 25 மைக்ரோஅம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீற்ஸ்ரன் பாலம் என்பது நான்கு தடைகளைச் சதுரமாக இணைத்து, சிறு தடை மாற்றத்தை வோல்ற்றாகக் காட்டும் சுற்று. இப்போது 350 ஓம் விகாரமானிகளால் முழு வீற்ஸ்ரன் பாலம் கட்டி 1.8 வோல்ற் கொடுத்தால் 5 மில்லியம்பியருக்கு மேல் இழுக்கும். இருநூறு மடங்கு கூட! தொடர்ந்து ஓட வைக்கவே முடியாது.

தீர்வு மூன்று பகுதி. ஒன்று, மழைநீரைத் தொட்டியில் சேர்ப்பதுபோல் ஒரு கொள்ளளவியில் மின்னேற்றம் சேர்த்து, அளக்கும் அந்த 3 மில்லிசெக்கனுக்கு மட்டும் பாலத்தைத் திறப்பது. இரண்டு, பாலத்தின் ஒரு பக்கத்தில்தான் விகாரமானிகள், மறு பக்கத்தில் வெறும் நிலைத் தடையிகள். அந்தத் தடையிகளும் 350 ஓமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆளுக்கு 10 கிலோஓம் போடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகவும் வெப்பத்துக்கு அசையாததாகவும் இருந்தால் போதும். மொத்த மின்னோட்டம் 2.7 மில்லியம்பியருக்கு இறங்கும், குறியில் இழப்பு இல்லை. மூன்று, முடிந்தால் 1000 ஓம் விகாரமானி வாங்குங்கள், இன்னும் குறையும்.

2.7 மில்லியம்பியர் 3 மில்லிசெக்கன் ஓடினால் 8 மைக்ரோகூலோம். 22 மைக்ரோபரட் கொள்ளளவி என்றால் அதன் அழுத்தம் 0.36 வோல்ற் இறங்கும். 2.4 இலிருந்து 2.04. 1.8 வோல்ற் ரெகுலேற்றருக்கு அது காணும். நான் 47 மைக்ரோபரட் போட்டேன், மைக்ரோகொன்ரோலரும் கொஞ்சம் குடிக்கும் என்பதால். முதல் தடவை நிரம்ப நாலைந்து செக்கன், அதன்பின் செக்கனுக்கு ஓர் அளவீடு தாராளமாக வரும். தாங்கி அவ்வளவு அவசரமாக நிரம்புவதில்லை. கொள்ளளவியை ஒழுக்கு மின்னோட்டம் குறைந்ததாகத் தேடுங்கள். ஒழுகும் கொள்ளளவி, கிடைக்கும் 25 மைக்ரோஅம்பியரில் பாதியைத் தானே விழுங்கிவிடும்.

சுற்றைக் கட்டுதல்

நான் எடுத்த அம்பிளிபயர் ஐ.என்.ஏ.333. அது 1.8 வோல்ற்றிலேயே வேலைசெய்யும், 50 மைக்ரோஅம்பியர்தான் இழுக்கும். 200 ஓம் தடையி போட்டால் பெருக்கம் 501. மைக்ரோகொன்ரோலர் எம்.எஸ்.பி.430 குடும்பத்தில் எஃப்.ஆர்.5969, வோல்ற்றை 0 முதல் 4095 வரையான எண்ணாக்கும் 12 பிட் அளவீட்டோடு வருவது. மின்சாரம் திடீரென்று நின்றாலும் அதன் நினைவகம் அழியாது. பற்றரியில்லாச் சுற்றுக்கு இது வரப்பிரசாதம்.

இங்கே ஒரு விதி: பாலத்துக்குக் கொடுக்கும் அதே 1.8 வோல்ற்றையே அளவீட்டின் ஒப்பு அழுத்தமாகவும் வையுங்கள். ரீடர் கிட்ட வந்தாலும் தூரப் போனாலும் அந்த 1.8 கொஞ்சம் ஆடும். இரண்டும் சேர்ந்து ஆடினால் விகிதம் மாறாது. அம்பிளிபயரின் நடுப்புள்ளியையும் அதிலிருந்தே பிரித்து 0.9 வோல்ற்றில் நிறுத்துங்கள். அப்போது இழுவை, அமுக்கம் இரண்டையும் காணலாம்.

விகாரமானியிலிருந்து வரும் வயர்களை முறுக்கி, முடிந்தளவு கட்டையாக வையுங்கள். அவை ரீடரின் அலைக்கு நல்ல அன்ரெனா. அந்த அலை அம்பிளிபயருக்குள் புகுந்து பொய் வோல்ற் உண்டாக்கும். உள்வாயில் சிறு வடிகட்டி அவசியம், ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ஃபெரைற் மணியும் 100 பிக்கோபரட்டும் போதும். சோதிக்க ஒரு வழி: பாரமே இல்லாமல் டேக்கை மேசையில் வைத்து, ரீடரை அரை மீற்றரிலும் இரண்டு மீற்றரிலும் பிடித்து வாசியுங்கள். எண் மாறினால் அது விகாரம் அல்ல, அலையின் ஊடுருவல். அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

ஒட்டுதல்

சிப்பை எவரும் வாங்கலாம், சுற்றை எவரும் பார்த்துக் கட்டலாம். டேக் நம்பத்தக்கதா இல்லையா என்று தீர்மானிப்பது பசைதான்.

பெயின்றைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுங்கள். 220 சான்ட் பேப்பர், பிறகு 400. அசற்றோனில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுகிறீர்கள். துணியில் கறுப்பு வராமல் போகும்வரை புதுத் துணி, புது அசற்றோன். பிறகு விரல் படவே கூடாது. ஒரு விரல் ரேகை போதும், ஆறு மாதத்தில் உரிந்து வர.

விகாரமானியைக் கையால் தூக்காதீர்கள். கண்ணாடித் தட்டில் வைத்து, மேலே செலோ ரேப் ஒட்டி, ரேப்போடு தூக்கிச் சட்டத்தில் கோட்டுக்கு நேரே பொருத்துங்கள். ரேப்பின் ஒரு முனையை மட்டும் மெல்ல உயர்த்தி, அடியில் பசை தடவி, திரும்பப் படுக்க வைத்து, பெருவிரலால் அழுத்துங்கள். மேசைச் சோதனைக்குச் சூப்பர் குளூ போதும், ஒரு நிமிடத்தில் பிடிக்கும். தாங்கியில் அது நிற்காது, ஈரம் அதைத் தின்னும். அங்கே இரண்டு குழாய் எப்பொக்சி, மேலே மெல்லிய றப்பர் துண்டும் கிளாம்பும் வைத்து, ஒரு முழு நாள்.

பிடித்தபின் பற்றாசு வைத்து, மல்டிமீற்றரில் இரண்டு அளவு பாருங்கள். விகாரமானியின் தடை 350க்குக் கிட்ட இருக்க வேண்டும். விகாரமானிக்கும் இரும்புக்கும் இடையில் மீற்றர் எதையுமே காட்டக் கூடாது.

மூடுவதில்தான் நான் முதல் தடவை தோற்றேன். கடையில் கிடைத்த சிலிக்கனைத் தாராளமாகப் பூசினேன். குழாயைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தது, பெரிதாக எடுக்கவில்லை. மூன்று மாதத்தில் அளவீடு கண்டபடி ஓடியது. பிளேட்டால் சிலிக்கனை வெட்டி எடுத்தபோது, பற்றாசு வைத்த இடத்தில் செம்பு மயில் கழுத்து நிறத்தில் பச்சை பிடித்திருந்தது. அந்த மணம் அசற்றிக் அமிலம். காயும்போது அது வெளிவந்து செம்பை அரிக்கும். மணமில்லாத நடுநிலைச் சிலிக்கன் வாங்குங்கள். அதற்கு அடியில் பியூற்றைல் றப்பர் பட்டி ஒன்று வைத்தால் உப்புக் காற்றுக்கு இன்னும் நல்லது. பெயின்ற் எடுத்த இரும்பு முழுவதையும் சேர்த்து மூடுங்கள், இல்லையென்றால் நாம் சுரண்டிய இடத்திலேயே துரு தொடங்கும்.

மேசையில் அளவுதிருத்தம்

தாங்கியில் ஏற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். 25 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டை இரும்பு ஒன்று. ஒரு முனையை மேசை விளிம்பில் கிளாம்பால் இறுக்குங்கள். கிளாம்புக்குக் கிட்ட மேலும் கீழும் விகாரமானிகள். அதிலிருந்து சரியாக 200 மில்லிமீற்றரில் நூலில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். வெறும் போத்தலின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள், சமையலறைத் தராசு போதும்.

ஒரு கிலோவுக்கு அந்த இடத்தில் வர வேண்டிய விகாரம் 262 மைக்ரோ. விகாரமானியின் காரணி (விகாரத்தின் எத்தனை மடங்கு விகிதத்தில் தடை மாறும் என்ற எண்) 2 என்றால் பாலத்தில் 0.47 மில்லிவோல்ற். அம்பிளிபயருக்குப் பின் 236 மில்லிவோல்ற். 12 பிட்டில் சுமார் 537 எண். உங்களுக்கு 500 அல்லது 560 வந்தால் பயப்பட வேண்டாம், பட்டையின் தடிப்பு அச்சொட்டாக 3 இருக்காது, அதைக் கலிப்பரால் அளந்து கணக்கைத் திருத்துங்கள். 250 வந்தால் ஒரு விகாரமானி வேலை செய்யவில்லை. கிட்டத்தட்ட சைபர் வந்தால், இரண்டும் பாலத்தில் ஒன்றையொன்று கழிக்கும்படி மாறி இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று போத்தல் ஏற்றி, அதே ஒழுங்கில் இறக்குங்கள். நாலாவதை இந்தப் பெருக்கத்தில் தொங்கவிட்டால் அம்பிளிபயர் மேல் எல்லையில் முட்டிவிடும். இறக்கியபின் எண் பழைய சைபருக்குத் திரும்பவில்லை என்றால் பசை வழுகுகிறது. அதற்கு மருந்து இல்லை, சுரண்டிவிட்டுத் திரும்ப ஒட்டுவதுதான்.

தாங்கியில் பொருத்துதல்

யு.எச்.எஃப். டேக் அன்ரெனாவை இரும்பில் ஒட்டினால் அது ஊமையாகிவிடும். நான் சுற்றைச் சிறு பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, சட்டத்திலிருந்து தள்ளி, ஒரு பி.வி.சி. பிடியில் நிறுத்தினேன். அரை அலைநீள அன்ரெனா சுமார் 16 சென்ரிமீற்றர், அதற்கு ஒரு சாண் இடைவெளி கிடைத்தால் நல்லது. தாங்கிக்குள் இருக்கும் தண்ணீரும் அலையை உறிஞ்சும், எனவே பெட்டி தாங்கியின் அடியில் அல்ல, பக்கவாட்டில்.

சித்திரை வெயிலில் சட்டத்தின் மேற்பக்கம் கொதிக்கும், கீழ்ப்பக்கம் நிழல். நான் முன்னர் சொன்ன தானாகக் கழியும் கணக்கு அங்கே உடையும். இரும்பு ஒரு பாகைக்குச் சுமார் 12 மைக்ரோ விகாரம் விரியும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கும். ஆகவே எப்போதும் விடியப்புறம், வெயில் ஏற முன் வாசியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வெப்பத்தில் இருக்கும் நேரம் அதுதான். டேக்கில் வெப்பநிலையையும் சேர்த்துப் பதிய முடிந்தால் கட்டாயம் பதியுங்கள்.

அப்புறம் தாங்கியை முழுதாக வெறுமையாக்கி சைபர் எடுங்கள். மோட்டரைப் போட்டு, 250, 500, 750, 1000 லீற்றரில் நிறுத்தி வாசியுங்கள். இதைவிட நல்ல பாரத் தராசு எந்த வீட்டிலும் இல்லை. நான்கு புள்ளியும் ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும். எனக்கு முதல் நாள் மூன்றாவது புள்ளி விலகியது. பார்த்தால் தாங்கி ஒரு பக்கம் மரக்கட்டையில் முண்டுகொடுத்து நின்றது, பாரம் சட்டத்துக்கு முழுதாக வரவில்லை. கட்டையை எடுத்தபின் கோடு நேராகியது.

சைபர் எண், லீற்றருக்கு எத்தனை எண், அன்றைய வெப்பநிலை, திகதி ஆகிய நான்கையும் டேக்கின் நினைவகத்திலேயே எழுதிவிடுங்கள். கொப்பி தொலையும், போன் மாறும். டேக் சட்டத்தோடு இருக்கும், நாளை வேறொருவர் வந்து வாசித்தாலும் கணக்கு அதிலேயே கிடைக்கும்.

வருடத்தில் இரண்டு தடவை, சோளகம் தொடங்க முன்னும் மாரி மழை முடிந்த பின்னும், வெறுமையாக்கி நிரப்பி அதே ஐந்து வாசிப்பையும் எடுங்கள். சைபர் மட்டும் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் பசை அல்லது ஈரம். சைபர் அப்படியே இருக்க, லீற்றருக்கான எண் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தால், அன்றே தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்புவதை நிறுத்திவிட்டு, வெல்டிங் செய்பவரைக் கூப்பிட்டுப் பெயின்றைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.